டிக்கிக்குள் ஒரு ஓம்

அக்காவின் புருஷனை அத்தான் என்று கூப்பிடுவதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. இப்போது அவன் எனக்கு வெறும் அந்த ஆள். பிரிந்தபோது கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய், நேர் எதிரே அதே கார் ஆடியோ தொழிலைத் தொடங்கினான். அக்காவுக்கு மிஞ்சியது சாலிடரிங் அயர்ன், மீட்டர், வேலைக்கு உதவாத தங்கையாகிய நான்.

பதினாறு வருஷமாக டிக்கிகளுக்குள் தலையை விட்டே அவள் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஸ்பீக்கரில் மின்தடை நாலு ஓம் என்று அச்சடித்திருந்தாலும் நம்பமாட்டாள். தானே அளந்து, அந்த எண்ணை ஸ்பீக்கர் பெட்டிக்குள் மார்க்கரால் எழுதிவிட்டுத்தான் மூடுவாள். பேச்சோ, காசு கொடுத்தாலும் வராது.

அன்று காலை ஒரு டாக்சிக்காரர் நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறந்தார்.

"என்னம்மா வேலை பண்ணியிருக்க? பத்து நிமிஷம் பாட்டு போட்டா ஆம்ப்ளிஃபையர் கொதிச்சு நின்னுடுது!"

பக்கத்து டாக்சி ஸ்டாண்டிலிருந்த டிரைவர்கள் கூடிவிட்டார்கள். எங்கள் வாடிக்கையில் பாதி அவர்கள்தான். அவர்கள் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அந்த ஆள் பல்லெல்லாம் தெரிய வந்து, இடது கையால் டிக்கியைத் தட்டினான்.

"ஓம் கணக்கு தெரியாதவங்ககிட்ட வண்டிய விட்டா இப்படித்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மீட்டரை வைத்தாள். ஏறக்குறைய ஒரு ஓம். அந்த ஆம்ப் இரண்டுக்குக் கீழே தாங்காது. பெட்டியைத் திறந்தாள். உள்ளே அவள் கையெழுத்தில் மூன்றரை.

"இதுல ரெண்டு ஸ்பீக்கர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கம்பிச்சுருள், காயில். அந்த ரெண்டையும் ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்து, அப்புறம்தான் ரெண்டு ஸ்பீக்கரையும் சேர்த்தேன். இப்ப நாலு காயிலையும் ஒரே கொத்தா கட்டியிருக்கு. ஓம் இறங்கிடும், சத்தம் ஏறும், ஆம்ப் வேகும்."

"கட்டினதே நீதானே? எழுதறதுக்கு என்ன, என்ன வேணா எழுதலாம்!" என்றான் அந்த ஆள்.

அக்கா வயர் முனைகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு இரண்டு துண்டு வயரை வெட்டி, உறையை உரித்து, ஒன்றைத் தானே முறுக்கினாள். மற்றதை நீட்டினாள்.

"எதிர்க்கடைக்காரரே, இதை முறுக்குங்க பாப்போம்."

இத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியுமா? வெடுக்கென்று வாங்கி முறுக்கினான், இடது கையால். அக்கா இரண்டையும் பெட்டி வயருக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவள் முறுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அவனுடையது மறுபக்கம். பெட்டிக்குள் இருந்ததும் அந்த மறுபக்கம்தான்.

டாக்சிக்காரர் தலையைச் சொறிந்தார். "சத்தம் பத்தலைன்னு ஒரு தடவ... இவர்கிட்ட காட்டினேன்."

நான் கைதட்டினேன். வெட்கமே இல்லாமல் தட்டினேன். அந்த ஆள் தன் கடைக்குள் போய்ப் பாட்டை அலறவிட்டான்.

அரை மணியில் அக்கா பழையபடி கோத்து, அளந்து, முதல் மூன்றரைக்குக் கீழே இன்னொரு மூன்றரை எழுதினாள். டாக்சிக்காரர் கேட்டுப் பார்த்து இழுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சத்தம் கொஞ்சம் கம்மியா..."

அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"சத்தம் மட்டும் போதும்னா எதிர்க்கடைக்குப் போங்க. அங்க அது ஒண்ணுதான் இருக்கு!"

டிரைவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் தன் வண்டியை எங்கள் வாசலுக்கு ரிவர்ஸ் எடுத்தார்.