குதிகாலுக்குக் கீழே ஒரு சிலுவை

ஸ்பெயின் நாட்டிலிருந்து அந்தச் செருப்பின் மாதிரி வந்தபோது எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நீண்ட தூரம் நடக்கிறவர்களுக்கான தோல் செருப்பு. கெட்டியான அடி, பின்னால் வார். உள்ளே, குதிகால் பதிகிற இடத்தில், சிவப்பாக ஒரு சிலுவை. அதன் மேல்முனையும் இரண்டு கைகளும் பூ விரிந்த மாதிரி இருந்தன. கீழ்முனை மட்டும் கத்தி மாதிரி கூராக இறங்கியது. நான் இந்து. எனக்கு அது ஒரு டிசைன், அவ்வளவுதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசராக இருந்து சிங்கம், குதிரை, கிரீடம் என்று எதை எதையோ தோலில் அடிக்க வைத்திருக்கிறேன். அடிக்கச் சொன்னால் அடிக்க வேண்டும். யோசிக்கிறதுக்கு எங்களுக்குச் சம்பளம் இல்லை.

ஸ்டாம்பிங் மிஷினில் அப்போது இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா. பக்கத்து கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். ஒரே மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீடு இவர் ஒருத்தர் கையில்தான் நின்றது. கிறிஸ்தவர்; ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்றால் மட்டும் வரமாட்டார், கோயிலுக்குப் போக வேண்டும் என்பார். மற்றபடி இவரைப் போல சுத்தமாக அடிக்கிறவர் எங்கள் தளத்தில் வேறு யாரும் இல்லை.

மாதிரியைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் சிலுவையைத் தடவிப் பார்த்தார்.

"இது எங்க வருதும்மா?"

"குதிகால்லக்கா. உள்பக்கம்."

"மிதிக்கிற எடத்துலயா?"

"செருப்புன்னா மிதிக்கத்தானே செய்வாங்க? தலையிலயா வெச்சிக்குவாங்க?"

அவர் மாதிரியை மேசை மேல் வைத்தார். "நான் அடிக்க மாட்டேம்மா. வேற யார்னா இருந்தா குடு."

வேறு யாரும் இல்லை. கண்டெய்னர் போகிற தேதி தலைக்கு மேல் நின்றது. எனக்குக் கோபம் வந்தது. வந்தால் வாயை அடக்கத் தெரியாது. எல்லார் எதிரிலும் கத்தினேன். "உனக்கு வேல வேணுமா, வேணாவா? உன் பொண்ணு காலேஜில ஃபீஸ் கேட்டா இதையா சொல்லப் போற?"

மகளை இழுத்தது அசிங்கம். இப்போது எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிஷினைப் போட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

மறுநாள் காலையில் ஆர்டர் கொடுத்த ஸ்பெயின் கம்பெனியின் டெக்னீசியன் வந்தார். ஸ்பெயின்காரர், ஐம்பது வயது இருக்கும். பல வருஷமாக ஆம்பூருக்கு வந்து போகிறவர், காரமான பிரியாணியை வியர்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை, அதனால் நன்றாகப் புரிந்துகொள்வோம். அடித்த தோல்களில் ஒன்றை விளக்குக்கு நேராகப் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

எல்லாத் தோலிலும் ஒரே குறை. சிலுவையின் வலது கை ஓரம் மங்கியிருந்தது. ஒன்றிரண்டு என்றால் தள்ளிவிடலாம். அது முந்தின நாள் அடித்த சரக்கு முழுவதிலும், மொத்த லாட்டிலும் இருந்தது.

சிலுவை அச்சான டையைக் கழற்றிப் பார்த்தார்கள். சூட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். தோலில் சிவப்பு ஏற்றுகிற ஃபாயில் ரோலை மாற்றினார்கள். மிஷினில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்து, அக்காவின் பின்னால், தூண் ஓரமாக நின்று பார்த்தேன்.

தோலை வைத்தார். காலால் மிதியை அழுத்தினார். சிலுவை விழுந்தது. தோலை எடுத்துக் கூடையில் போடுவதற்கு முன்னால் விரல் நுனியால் சிலுவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த தோல். மறுபடியும் அதே மாதிரி. சூடு ஆறாத ஃபாயிலில் விரல் பட்டால் ஓரம் மங்கத்தானே செய்யும்.

புத்தகத்தில் கால் பட்டால், நெல்லில் கால் பட்டால், பெரியவர்கள் மேல் கால் பட்டால் நான் செய்வதும் அதேதான். கால் படுவதற்கு முன்பே அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் என்றைக்கோ வைக்கப் போகிற காலுக்காக. ஒவ்வொரு தோலுக்கும்.

"அக்கா, இன்னா பண்ற நீ?"

அவர் கை நின்றது. "அடிக்கச் சொன்ன, அடிக்கிறேன். இது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல."

அதற்குள் புரொடக்ஷன் மேனேஜர் வந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர்தான். ஆனால் லாட் ரிஜெக்ட் ஆன அன்றைக்கு யாரும் நல்ல மனிதர் இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். மறைத்திருக்கலாம், மறைக்கத் தோன்றவில்லை.

"மொத்த லாட்டும் போச்சா? விரல் வெச்சே போச்சா?" பாய் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, எனக்கு எவ்ளோ பேஜார் தெரியுமா? நாளைலருந்து வராத. கணக்க முடிச்சிக்க."

அக்கா எழுந்து நின்றார். அழவில்லை. ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அது அவிழவில்லை.

டெக்னீசியன் என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். மிஷின் பிரச்சினை இல்லை, காலடியில் சிலுவை இருப்பதுதான் பிரச்சினை என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

தன் நாட்டில் இந்தச் சிலுவை இல்லாத இடம் இல்லை என்றார். வடமேற்கு மூலையில் ஓர் அப்போஸ்தலருடைய கல்லறை இருக்கிறது. உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ வாரக்கணக்கில் நடந்து அங்கே போகிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தச் செருப்பு. வழியில் முச்சந்திக்கு முச்சந்தி கல்லில் செய்த சிலுவைகள் நிற்கும். போனை எடுத்துக் காட்டினார். பாசி பிடித்த ஒரு கல் சிலுவை. அவர் பிறந்த தெற்குப் பக்கத்தில் மே மாதம் வந்தால் தெருப் பெண்கள் கூடி ஆளுயரச் சிலுவை முழுக்கப் பூ வைத்து மூடுவார்கள். அந்தப் படத்தில் அவர் அம்மாவும் நின்றார், கையில் சிவப்புப் பூவோடு. அடுத்தது ஒரு கேக். பாதாம் கேக்காம். அதன் மேல் சர்க்கரைத் தூளைத் தூவி, நடுவில் இதே கத்திச் சிலுவை வரும்படி விட்டிருந்தார்கள்.

"வெட்டித் தின்னுவாங்களா?" என்று அக்கா கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

காபியோடு, என்றார் அவர்.

பாய் இதற்குள் தன் போனில் தேடிக்கொண்டிருந்தார். "இது கத்திதான்மா," என்றார் என்னிடம். "சண்டைக்குப் போனவங்க போட்டுக்கினது. யார்கூட சண்டைன்னு கேளு அவர. எங்காளுங்க கூட. இன்னா ஆர்டர் எடுத்துருக்கேன் பாரு நானு."

நான் அதை மொழிபெயர்க்கத் தயங்கினேன். பாய் விடவில்லை. சொன்னேன்.

டெக்னீசியன் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். ஆமாம் என்றார். நூற்றுக்கணக்கான வருஷம் முஸ்லிம்கள் ஆண்ட நாடு அது. சிலுவையைத் தைத்த உடுப்போடு போய் அவர்களை வெட்டினார்கள், மிஞ்சியவர்களைப் பிறகு துரத்தினார்கள். ஆனால் இன்றைக்கும் தன் வாயில் அவர்களுடைய அரபு வார்த்தைகள்தான் இருக்கின்றன என்றார். எண்ணெய்க்கு, தலையணைக்கு, அரிசிக்கு. கேக் மேல் தூவின அந்தச் சர்க்கரைக்கும் அவர்கள் கொடுத்த பெயர்தான். தன் தாத்தா காலத்தில் சொந்த நாட்டு ஆட்களே ஒருவரை ஒருவர் கொன்றார்கள், ஜெயித்தவர்கள் மலை மேல் மிகப் பெரிய சிலுவை ஒன்றைக் கட்டினார்கள், அது தூரத்தில் தெரிந்தாலே, தோற்ற பக்கத்துக் குடும்பத்தில் பிறந்த தன் அப்பா கார் ஜன்னல் பக்கம் திரும்பமாட்டார் என்றார். அதே அப்பாதான் மே மாதம் அம்மாவுக்குப் பூ பறித்துக் கொடுப்பாராம்.

பாய் தன் போனைப் பையில் போட்டார். பிறகு, "தலகாணிக்குமா எங்க வார்த்த?" என்று கேட்டார். டெக்னீசியன் அந்த வார்த்தையைச் சொன்னார். பாய் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். கோபம் கொஞ்சம் கம்மியானது முகத்தில் தெரிந்தது. ஆனால் அக்காவிடம் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

"பாய், நான் ஒண்ணு அவரக் கேக்கணும்," என்றார் அக்கா.

"கேளு."

"எங்க கோயில்ல செருப்ப வாசல்ல விட்டுட்டுதான் உள்ள போவோம். அந்த ஊர்ல அவ்ளோ தூரம் நடந்து போயி, இந்தச் செருப்ப எங்க விடுவாங்க? வெளியவா?"

நான் கேட்டேன். எங்கேயும் விடமாட்டார்கள் என்றார் அவர். காலோடு அப்படியே உள்ளே போவார்கள். கல்லறை வரைக்கும்.

"உள்ளயா?" அக்காவால் நம்ப முடியவில்லை. "நல்லா கேளும்மா. சரியா கேட்டியா?"

மறுபடி கேட்டேன். அவர் எழுந்து, தன் ஷூ காலால் தரையில் நாலு அடி எடுத்து வைத்து, முட்டி போட்டுக் காட்டினார். பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அவ்ளோ தூரம் நடந்தா கால் கொப்புளிக்குமே?"

கொப்புளிக்கும், தனக்கும் கொப்புளித்தது, ரத்தமும் வந்தது என்றார்.

அக்கா ஏப்ரன் முடிச்சிலிருந்து கையை எடுத்தார். "வாசல்ல கூட்டத்தோட கூட்டமா கெடக்கும், யார் யாரோ மிதிச்சிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன். கொப்புளத்தோட நடந்து உள்ள போறவங்க காலுக்குன்னா செய்றேன். தொட மாட்டேன் பாய். லாட்டத் திரும்ப நானே அடிச்சித் தர்றேன்."

பாய் மணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னா பாக்கற? தோல எடுத்துக் குடு அவங்களுக்கு," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். அவர் மன்னித்ததும் அவ்வளவுதான், வேலையைத் திருப்பிக் கொடுத்ததும் அவ்வளவுதான்.

தோல் கட்டுகளை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். அக்கா மனசில் இருந்தது ஒரு கேள்வி. அந்தச் செருப்பை எங்கே கழற்றுவார்கள் என்ற கேள்வி. முதல் நாளே 'ஏங்க்கா வேணாங்கற?' என்று நான் கேட்டிருந்தால் அது வெளியே வந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவர் மகளை இழுத்தேன். லேபருக்கு ஒன்றும் புரியாது என்று ஏசி ரூமில் பேசுகிறவர்களைத் திட்டுகிற நான்தான் அதைச் செய்தேன்.

அக்கா அடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒற்றவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அது லாட்டைக் கெடுக்காது, அதனால் நான் கேட்கவில்லை.

"நேத்து உன் பொண்ண இழுத்துப் பேசனது தப்புக்கா," என்றேன்.

"தப்புதான்," என்றார், மிதியிலிருந்து காலை எடுக்காமல். "அந்த ரோலு தீரப் போவுது பாரு. ஒண்ணு எடுத்துக் குடு."