பதினோரு அவுன்ஸ் லோவல்

மார்வாவின் சமையலறைத் தராசிலிருந்து மாவுக் கிண்ணத்தை இறக்கி வைத்துவிட்டு, லோவல் பிரிட்ச்சர்ட் அந்த இடத்தில், துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் ஒன்றைப் படுக்க வைத்தார். பிறந்த குழந்தையைக்கூட அவர் அப்படித் தூக்கியதில்லை என்பது மார்வாவுக்குத் தெரியும்; இரண்டு குழந்தைகளையும் பெற்றவள் அவள்தான். லோவல் மூச்சை அடக்கிக்கொண்டார். முள் ஆடி நின்றது.

"பதிமூணே கால்," என்றார், சாவுச் செய்தி சொல்லும் குரலில். "டப்பாவுல பன்னெண்டரைன்னு போட்டிருக்கான். முக்கால் அவுன்ஸ் புளுகு."

"தட்டுல ஒட்டியிருக்கிற மாவைத் துடைச்சுட்டு நிறுத்துப் பாரு."

துடைத்துவிட்டு நிறுத்தார். அப்போதும் பதின்மூன்றே கால்தான். கேஸ் கம்பெனி கொடுத்த காலண்டரில் அன்றைய தேதிக் கட்டத்துக்குள் அந்த எண்ணைப் பென்சிலால் எழுதி, அடித்தும்விட்டார். அந்தக் காலண்டரில் ஏப்ரல் முதல் அக்டோபர்வரை இப்படி எழுதி அடித்த எண்கள்தான். மார்வா பல்வைத்தியரிடம் போகவேண்டிய நாள் அவற்றுக்கு அடியில் எங்கேயோ புதைந்து போய்விட்டது.

லோவலுக்கு வயது அறுபத்தொன்று. மொன்டானாவின் மேற்கு மூலையில், மலையடிவாரப் பண்ணை வீடுகளுக்கெல்லாம் லாரியில் போய்க் கேஸ் தொட்டிகளை நிரப்புவது வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை லாரியிலிருந்து குதிப்பார். அதாவது, முன்பு குதித்தார். இப்போது முதலில் இடது காலை இறக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, வானிலையைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு வலது காலை இறக்குகிறார். வானிலையில் அவருக்கு இவ்வளவு அக்கறை திடீரென்று வந்தது எப்படி என்று வாடிக்கைக்காரர்கள் யாரும் கேட்பதில்லை.

விஷயம் இதுதான். ஊருக்கு மேலே, மலையிடுக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே ஆண் எல்க் மானைச் சுடுவதற்கு அரசாங்கம் வருடத்துக்குச் சில அனுமதிச் சீட்டுகளைத்தான் குலுக்கிப் போடுகிறது. லோவல் பதினாலு வருடம் மனுப் போட்டார். இந்த ஏப்ரலில் அவர் பேருக்கு விழுந்துவிட்டது. இன்னொரு பதினாலு வருடம் காத்திருந்தால் அவருக்கு எழுபத்தைந்து ஆகும். அதுவரைகூட வேண்டாம், லாரியின் முன்பெட்டியில் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று கிடக்கிறது. வலது முழங்காலை டிசம்பர் ஒன்பதாம் தேதி மாற்றுகிறார்கள். மாற்றிய காலோடு சுமை தூக்கிச் செங்குத்தில் ஏறக் கூடாது என்று கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கையுறை தேடப் போன மார்வா படித்துவிட்டாள். படித்ததை அவளும் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து அந்தப் பள்ளம் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது.

ஆகவே மனிதர் முழங்காலை விட்டுவிட்டு ஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டார். ஐந்தரை பவுண்டுகூட வராத ஒரு மலைத் துப்பாக்கியைப் போன வருடமே பெருவிலை கொடுத்து வாங்கியாயிற்று. அதன் தலையில் வைக்கும் கண்ணாடிக்கு முன்னூறு டாலருக்கு மேல் ஒரு காசு கிடையாது என்று மார்வா சொல்லிவிட்டாள். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு அலைந்த கதைதான். எடை பன்னிரண்டு அவுன்ஸைத் தாண்டக் கூடாது, விலை முன்னூறைத் தாண்டக் கூடாது, அந்திக் கருக்கலில் மரத்தடியில் நிற்கும் மானின் கொம்புக் கிளைகளை எண்ண முடியவேண்டும். இந்த மூன்று பொருத்தமும் பார்த்துப் பெண் கொடுக்கும் வீட்டைத்தான் ஏழு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

தேடியது ஓரினின் கடையில். ஆணி, நாய்ச் சோறு, தூண்டில், துப்பாக்கி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் கடை அது. ஓரினும் லோவலும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் தோற்றவர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் லோவல் ஒரு ஸ்கோப்பை வாங்கிக்கொண்டு சன்னலருகே போவார். எதிர்ச் சாரியில் லூத்தரன் கோயிலின் அறிவிப்புப் பலகை இருக்கிறது. ஞாயிறு விருந்துக்கு யார் வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு வருகிறது என்பதை அதில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் வாசிப்பார். ஊரில் வேறு யாரும் அந்தப் பலகையை இவ்வளவு பக்தியோடு படித்ததில்லை.

"என்னப்பா, உருளைக்கிழங்கு தெரியுதா?" என்பார் ஓரின்.

"தெரியுது. ஓரம்தான் கொஞ்சம் கலங்குது."

"எல்க் வந்து ஓரத்துலயா நிக்கப்போவுது? நடுவுல வச்சுச் சுடுப்பா."

வாங்கிப் போவார். ஒன்பதாம் நாள் டப்பா கசங்காமல் திருப்பிக்கொண்டு வருவார். இப்படி ஆறு ஸ்கோப் போய் ஆறும் திரும்பி வந்தன. "இது கடையா லைப்ரரியாடா?" என்று ஒருநாள் ஓரின் வாய்விட்டே கேட்டார். பக்கத்தில் விதைப் பொட்டலம் பொறுக்கிக்கொண்டிருந்த மார்வாவிடம் திரும்பி, "நீயே சொல்லு மார்வா. கண்ணாடி லேசா இருந்தா விலை கனக்கும். விலை லேசா இருந்தா கண்ணாடி மங்கும். ரெண்டும் லேசாத்தான் வேணும்னா, அது எங்கயாவது ஒரு இடத்துல உதைக்காம விடாது" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்றே? நான் இவரைத் திருப்பிக் குடுக்க வந்தப்போ நீ வாங்கிக்கலையே," என்றாள் மார்வா.

வீட்டில் எடைக் குறைப்பு தீவிரமாக நடந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடி பாதியாயிற்று. கரண்டியில் துளைகள் விழுந்தன. சூப்பைக் குடிக்க வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்றார். சட்டைக் காலரிலிருந்த துணிச் சீட்டையும் கத்தரித்தார். ஆனால், மாவட்டச் சந்தையில் இருபத்திரண்டு வயதில் கன்றுக்குட்டிக்குக் கயிறு வீசி ஜெயித்த பித்தளை பெல்ட் பக்கிளை மட்டும் தொடவில்லை. சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு இருக்கும் அது. மார்வா ஒருநாள் அதை எடுத்துத் தராசில் வைத்துக் காட்டினாள். எட்டு அவுன்ஸ். "அது வேற விஷயம்," என்றார் லோவல். காலையில் சாப்பிடும் நாலு டோனட்டும் வேற விஷயம்தான். வயிறு அதைவிட வேற விஷயம்.

கடைசியில் கிடைத்தது. எங்கோ ஒரு ஊரிலிருந்து தபாலில் வந்த, யாரும் பெயர் கேள்விப்படாத ஸ்கோப். இருநூற்று நாற்பது டாலர். தராசில் சரியாகப் பதினோரு அவுன்ஸ். அன்றைக்கு லோவல் மார்வாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். காலண்டரில் எண்ணை எழுதி அடிக்காமல் விட்டார்.

ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே நாலு விரல்கடை இடம் வேண்டும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைத்து வரும் இடம் அது. எடையைக் குறைத்த புண்ணியவான் அந்த இடத்திலும் கை வைத்திருந்தான். இரண்டரை விரல்தான் விட்டிருந்தான். துப்பாக்கி கனமாக இருந்தாலாவது உதையில் பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும். லோவலின் துப்பாக்கிக்கு ஏது கனம்? ஊருக்கு வெளியே சரளைக் குழியில் குறி அட்டை நட்டு முதல் குண்டைச் சுட்டார். குண்டு அட்டையில் பட்டதா என்று இன்றுவரை தெரியாது. ஸ்கோப்பின் வளையம் மட்டும் குறி தவறாமல் வந்து பட்டது. கண்ணுக்கு வந்தது புருவத்தோடு போயிற்று. ஆறு தையல்.

இந்த ஊரில் புருவத்தில் பிறை மாதிரி ஒரு காயத்தோடு வருபவனிடம் யாரும் என்ன ஆச்சு என்று கேட்பதில்லை. பார்த்தவுடன் தெரிந்துவிடும். கேஸ் நிரப்பப் போன இடத்தில் எண்பது வயது விதவை ஒருத்தி கதவைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். "பாதி நிலாதான் வந்திருக்கு. மீதிக்கு எப்பப்பா சுடப்போறே?" ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அகந்தையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். முடியும்வரை அவருடைய பார்வை லோவல் உட்கார்ந்திருந்த நாலாவது வரிசையைவிட்டு நகரவில்லை.

சீசன் தொடங்க நாலு நாள் இருந்தது. லோவல் பேசுவதையும் நிறுப்பதையும் நிறுத்திவிட்டார். டோனட்டைக்கூட இரண்டாகக் குறைத்துக்கொண்டார். மார்வாவுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. கேலிக்குப் பதில் கேலி சொல்லும் மனிதரோடு முப்பத்தாறு வருடம் வாழலாம். பதில் சொல்லாதவரோடு ஒரு வாரம் ஓட்டுவது கஷ்டம். நேராக ஓரினிடம் போனாள்.

"கடிக்காத ஒண்ணாப் பார்த்துக் குடு."

ஓரின் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "ஏப்ரல்ல அவன் முதல்ல கொண்டுபோனது இதுதான். இருநூத்தி எண்பது. நாலு விரல் தாராளமா இருக்கு, கண்ணாடியும் தேவலை. பதிமூணே முக்கால், கனம்னு சொல்லிக் கொண்டாந்து குடுத்துட்டான்."

லோவல் அதைத் தராசில் வைக்கவில்லை. நேராகத் துப்பாக்கியில் மாட்டினார். சரளைக் குழியில் மூன்று குண்டு சுட்டார். மூன்றும் ஒரு முட்டை அகலத்துக்குள் விழுந்தன. புருவம் புருவமாகவே இருந்தது.

கிளம்புகிற அன்று விடியலில் மார்வா சமையலறைக்கு வந்தபோது, ஃபிளாஸ்க் நிரம்பியிருந்தது, மூட்டை கட்டியாகியிருந்தது, மேசைமேல் அவருடைய முழங்கால் பட்டி கிடந்தது. வார்களும் இரும்புக் கீலும் வைத்த பெரிய பட்டி.

"இதை ஏன் கட்டாம வச்சிருக்கே?"

"கனம். பதினாறு அவுன்ஸ்."

"லோவல்."

"அதைக் கட்டிட்டு மலை ஏறினா, கால் போச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மார்வா."

"டிசம்பர் ஒம்பதாந்தேதி ஆயிட்டுப் போகட்டும். இன்னிக்குக் கட்டு. உட்காரு."

தேதியைக் கேட்டதும் லோவல் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அவள் தரையில் மண்டியிட்டு வார் ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினாள். அப்போதுதான், அவள் நைட்டியில் இல்லாமல் பூட்ஸும் வேட்டைக்குப் போகிறவர்கள் போடும் ஆரஞ்சு மேல்சட்டையும் போட்டிருப்பதை அவர் கவனித்தார்.

"நீ எங்கே கிளம்பிட்டே?"

"மலையைப் பார்க்க. டிக்கெட் வாங்கணுமா?"

"துப்பாக்கிய நான்தான் தூக்குவேன்."

"உங்கிட்ட யாரு கேட்டா?"

அவர் அதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்து ஆண்கள் அடித்த மானைச் சுமக்கப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவார்கள். குதிரையைக் கடன் கேட்பார்கள், லாரியைக் கேட்பார்கள். ஏறும்போது தன் துப்பாக்கியை மட்டும் இன்னொருவர் தோளில் ஏற்ற மாட்டார்கள். அப்படி ஏற்றியவன், அடுத்த வருடம் மனுப் போடுவதில்லை.

பைன் மரங்களுக்குள்ளே பாதை ஏறியது. முதல் ஆயிரம் அடிக்கு லோவல் முன்னால் போனார். வழியில் தடம் தெரிந்த இடத்திலெல்லாம் நின்று, எல்க் எப்போது போனது என்று மார்வாவுக்குப் பாடம் எடுத்தார். இரண்டாவது ஆயிரத்தில் தடம் இல்லாத இடத்திலும் நின்றார். மார்வா பத்தடி பின்னால் வந்தாள். நக்கலாகச் சொல்ல நாலைந்து வார்த்தை நாக்கு நுனிவரை வந்தன. ஏழு மாதம் சொன்னது போதும் என்று விழுங்கிக்கொண்டாள். மேலே, மிகவும் மேலே, பள்ளத்தின் விளிம்புப் பாறையில் வெயில் விழத் தொடங்கியிருந்தது. எங்கேயோ ஒரு ஆண் எல்க் விசிலடிப்பதுபோல் நீளமாகக் கத்தியது.

பாதை வளைந்து செங்குத்தாகும் இடத்தில் லோவல் நின்றார். இந்தத் தடவை தடத்தையும் பார்க்கவில்லை, வானிலையையும் பார்க்கவில்லை. பட்டி கட்டிய காலை ஒரு கல்லின்மேல் வைத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளிலிருந்து துப்பாக்கியைக் கழற்றி, திரும்பாமலே, கையைப் பின்னால் நீட்டினார்.