குறையாத கறுப்பு

பெயிண்டர் வாளியை மேசைமேல் வைத்த விதமே சரியில்லை.

"அக்கா, முந்தாநேத்து வாங்கினது யானை நிறம். அதையே கேட்டு இன்னிக்கு வாங்கினது புகை நிறம். ஒரே சுவத்துல ரெண்டும். வீட்டுக்காரர் என்னைத்தான் திருடனாப் பாக்கிறார். இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா, நான் அடுத்த தெருக் கடைக்குப் போயிடுவேன்."

கடைக்காரி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். முந்தாநாள் வாளி அவள் கலந்தது. இன்றையது கொழுந்தன் கலந்தது. ஆலை மூடியபின் வேலையில்லாமல் வந்தவன். மணிக்கட்டு வலி தாங்காமல், வெள்ளைப் பெயிண்டில் சாயம் விட்டு நிறம் கலக்கும் வேலையை நேற்றிலிருந்து அவனிடம்தான் விட்டிருந்தாள்.

கறுப்புச் சாயப் புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. இத்தனை வாளி போயும் கறுப்பு குறையவே இல்லை. நிறமோ வெளிறுகிறது. சாயத்தை எடுத்து வெளியே விற்றுவிட்டு, தண்ணீர் ஊற்றி நிரப்புகிறானோ? அவன் சீட்டியடித்துக்கொண்டே வாளி அடுக்கினான். மடியில் கனமில்லாதவன் மாதிரி என்னமாய் நடிக்கிறான் என்று நினைத்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். "உங்க தம்பிய வேற வேலை பாத்துக்கச் சொல்லுங்க. பாலுக்குப் பூனையைக் காவல் வச்ச கதையா இருக்கு."

"கண்ணால பாத்தியா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் காலை ஒரு சொட்டுக் கறுப்பைக் கண்ணாடியில் விட்டுச் சாய்த்தாள். தண்ணீர் கலந்திருந்தால் ஓடியிருக்கும். அது தார்போல நின்றது. அப்படியென்றால் அவள் சந்தேகப்படுவது தெரிந்து, நல்ல சாயப் புட்டியாக மாற்றி வைத்துவிட்டானா? சந்தேகம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது.

பெயிண்டருக்குக் கொழுந்தன் மாற்று வாளி கலக்கும்போது பின்னாலேயே நின்றாள். சாயம் அளக்கும் ஊசிக்குழாயில் ஒரு முழு அளவுக்குப் பத்துத் தடித்த கோடுகள். ஒவ்வொரு தடித்த கோட்டுக்கும் பத்துச் சின்னக் கோடுகள். யானை நிறத்துக்கான அளவு அட்டையில் மஞ்சள் 0.25, கறுப்பு 0.4. மஞ்சளை இருபத்தைந்து சின்னக் கோடு எண்ணி இழுத்தான். சரி. கறுப்பை நாலே சின்னக் கோடு இழுத்து நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"புள்ளி நாலுதானே அண்ணி? நாலு கோடு."

"ரெண்டுல எது அதிகம்?"

"இதென்ன கேள்வி. இருபத்தஞ்சுதான்."

அவள் குழாயின் கோடுகளைத் தொட்டுக் காட்டினாள். "இல்ல தம்பி. புள்ளிக்கு அடுத்த இடம் தடிச்ச கோட்டுக்கு. அதுக்கும் அடுத்ததுதான் சின்னக் கோட்டுக்கு. இருபத்தஞ்சுன்னா ரெண்டு தடிச்சது, அஞ்சு சின்னது. அதனால நீங்க எண்ணினது பொருந்திடுச்சு. புள்ளி நாலுன்னா நாலு தடிச்சது. சின்னதா எண்ணினா நாப்பது. நீங்க பத்துல ஒரு பங்குதான் விட்டிருக்கீங்க."

அவன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நாப்பதுன்னே எழுதறதுக்கென்ன?"

"எழுதலாம். புள்ளி நாப்பதும் அதேதான். கடைசிப் பூஜ்யத்துக்கு அங்க மதிப்பில்ல."

நாலு தடித்த கோடு இழுத்துக் கலக்கினான். யானை நிறம் வந்தது.

குச்சியைத் துடைத்தபடியே கேட்டான்: "காலையில கறுப்பைக் கண்ணாடியில விட்டுப் பாத்தீங்களே, எதுக்கு அண்ணி?"

அவள் சாயப் புட்டியை மூடத் தொடங்கினாள். தன்னைத் திருடன் என்று நினைத்திருக்கிறாள் என்பதை அவனே புரிந்துகொண்டான். கோபப்படவில்லை. சீட்டியும் அடிக்கவில்லை.

அன்றிலிருந்து சாயம் இழுக்கும் ஒவ்வொரு முறையும் குழாயை உயர்த்திப் பிடிக்கிறான். "அண்ணி, வந்து பாத்துடுங்க."

பார்க்க வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பார்க்கும்வரை அவன் ஊற்றுவதில்லை.