கால் கால் நாளாக

காயல்பட்டினம் பதுருன்னிஸாவுக்கும் நவாஸுக்கும் நிக்காஹ் நடந்தது 1996 பிப்ரவரி 29 அன்று. அதன் பிறகு அந்தத் தேதி ஆறு தடவை வந்துபோனது. ஆறு தடவையும் நவாஸ் சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்தார்.

ஆறாவது தடவை, 2020இல், அதே தேதியில் போனில், "அடுத்த இருபத்தொம்பதுக்கு வேலைய முடிச்சிட்டு ஊருக்கே வந்துருவேன் பதுரு" என்றார்.

"இன்னும் நாலு வருசமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறு மாதமே ஊரடங்கு. ஒரு மதியம் அவளுடைய உம்மாவுக்கு மூச்சுத் திணறியது. வீட்டில் ஆண்கள் இல்லை, தெருவில் ஆட்டோ இல்லை. விடுமுறைக்கு வந்தால் ஓட்டலாம் என்று நவாஸ் வாங்கிப்போட்ட கார் வாசலில் நின்றது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கிளப்பத் தெரியாமல் தவித்தாள். அடுத்த தெருவிலிருந்து ஒருவர் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆயிற்று. உம்மா பிழைத்துக்கொண்டார். அந்த முக்கால் மணி நேரம் மட்டும் பதுருன்னிஸாவின் மனதை விட்டுப் போகவேயில்லை.

மகள் யுஸ்ரா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "வருசத்துக்கு முன்னூத்தி அறுபத்தஞ்சே கால் நாளும்மா. அந்தக் கால் நாள யாரும் கண்டுக்கிடதில்ல. நாலு சேந்தாத்தான் பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடுது."

பதுருன்னிஸாவிடம் இருந்ததும் துண்டு நேரம்தான். அதிகாலையில் சுப்ஹு தொழுததிலிருந்து உம்மா எழுந்து காப்பி கேட்கும் வரை ஓர் அரை மணி. ஊரடங்கு தளர்ந்ததும், ஆறுமுகநேரியில் கார் ஓட்டச் சொல்லித்தரும் செல்வராணியைப் பிடித்தாள். விடிகாலைச் சாலையில் வண்டி குதித்துக் குதித்து நின்றது.

"நின்னா நின்னுட்டுப் போவுது. திரும்பக் கிளப்புங்கக்கா" என்பாள் செல்வராணி.

முதல் டெஸ்டில் பின்னால் எடுக்கும்போது கம்பைத் தட்டித் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். நவாஸிடம் மூச்சு விடவில்லை.

சொன்னபடியே 2024 பிப்ரவரி 29 மதியம் நவாஸ் வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். கூட்டிப்போக வரவேண்டிய மச்சினன் ஈஸாவைத் தேடிக்கொண்டு வெளியே வந்தவர் முன்னால் சொந்தக் கார் வந்து நின்றது.

"ஈஸா எங்க?"

"அவன் வரல. ஏறுங்க மச்சான், என்ன முழிக்கிய?"

"நீயா ஓட்டப்போற?"

"இங்கன வரைக்கும் வேற யாரு ஓட்டிட்டு வந்தா?"

தூத்துக்குடி வரை, எதிரே லாரி வந்தபோதெல்லாம் நவாஸ் தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்தார். உப்பளங்களைத் தாண்டிய பிறகுதான் காலைத் தளர்த்தி உட்கார்ந்தார்.

"எப்பம் படிச்ச?"

"நீங்க இல்லாதப்பம்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா வேண்டாம்பிய."

கொஞ்ச தூரம் போன பிறகு, "சொல்லித்தான் இருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "இன்னைக்கு வீட்டுலேயே இருக்கண்டாம். எல்லாருமா மணப்பாடு கடக்கரைக்குப் போவோம். நீயே ஓட்டு" என்றார்.

வீட்டு வாசலில் உம்மா முன் இருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டார். நவாஸ் சிரித்துக்கொண்டே பின்னால் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.