அலுமினியத்துக்கு ஊற்றிய புளி

மண்ணாங்கட்டி அண்ணனைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. வேலை தெரியாதவன் என்றார்களே, நாசமாய்ப் போனவர்கள்!

திண்டிவனத்தில் எங்கள் ஐஸ் கம்பெனியில் பதினோரு வருஷம் காண்டிராக்டில் ஜெனரேட்டர் பார்த்தார் அவர். விழுப்புரத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். பர்மனன்ட் ஆகவேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. தையில் ஆக்கிவிடலாம் என்று முதலாளியும் சொல்லியிருந்தார்.

போன வருஷம் ஜெனரேட்டரின் பழைய பித்தளை ரேடியேட்டரைக் கழற்றி, விலை குறைவென்று அலுமினியத்தில் ஒன்றை மாட்டினார் மேனேஜர் அறிவுச்செல்வன். அன்றிலிருந்து அண்ணனுக்கு ஒரே பாட்டு.

"இஞ்சின் இரும்பு, பைப்பு செம்பு, இது அலுமினியம். மூணும் ஒரே தண்ணியில கெடந்தா அலுமினியத்தத்தான் மொதல்ல அரிக்கும். போர் தண்ணி வேணாம் சார். பேட்டரி தண்ணியில கூலண்ட் கலந்து ஊத்திக்கினு இருந்தா ஒண்ணும் ஆவாது."

நச்சரித்து நச்சரித்து கூலண்ட் வாங்க வைத்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அண்ணன் லீவு. விளக்கு தேய்க்கக் கரைத்த உப்புப்புளி அரை பக்கெட் மீந்து கிடந்தது.

"பித்தளையே பளபளங்குது, இது மட்டும் பளபளக்காதா? உள்ளயும் சுத்தமாவட்டும், ஊத்துய்யா" என்றார் மேனேஜர். கூலண்டை இறக்கிவிட்டு ஊற்றினேன். பூஜை லீவு முடிந்து மூன்றாம் நாள் காலை, அண்ணன் வருவதற்குள்தான் அதைத் திறந்துவிட்டு, சரியாக அலசாமலே பழைய கூலண்டை நிரப்பினோம். அண்ணனிடம் யாரும் மூச்சு விடவில்லை.

ஒரு மாதத்தில் ரேடியேட்டர் சல்லடையாகி, இஞ்சின் சூடேறி நின்றுபோனது. அன்றைக்கென்று பார்த்து நாள் முழுக்கக் கரண்டும் வரவில்லை. ஐஸ் எல்லாம் தண்ணீராய் ஓடியது.

"இந்தாளு கலந்த கூலண்ட்தான் சார் தின்னுடுச்சி" என்றார் மேனேஜர், கூசாமல்.

அண்ணன் ரேடியேட்டரைக் கழற்றி, அடியில் தங்கியிருந்த கசடை விரலால் வழித்து முதலாளியிடம் காட்டினார். "இது கூலண்ட் இல்லீங்க. புளி. கண்ணையா, பூஜைக்கு நீதான இங்க இருந்த? சொல்லு தம்பி."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நானும் காண்டிராக்ட்தான்.

"கூலண்ட் மட்டும்தாங்க. வேற எதுவும் ஊத்தல" என்றேன்.

அப்போதே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். அவர் திரும்பி, "புள்ளக்குட்டிக்காரன், பொழச்சிப் போ" என்றார்.

அதற்கு அவர் என்னைச் செருப்பாலேயே அடித்திருக்கலாம்.