பரங்கிக்காயை வாங்காத கை

இங்கே பாரீசில் வெள்ளிக்கிழமைதோறும் யூதர்களின் கோயிலுக்குப் போகிறேன். சினகோக் என்பார்கள். மதம் மாறிவிட்டேன் என்று எங்கள் ஊர் பாகூரில் யாரும் குதிக்க வேண்டாம். இருக்கிற சாமிகளுக்கே நான் ஒழுங்காக முகம் காட்டியதில்லை. நான் போவது கோயிலுக்குக் கீழே இருக்கும் சமையற்கட்டுக்கு, உருளைக்கிழங்கு தோல் சீவ.

பென்ஷன் வந்து சேராத ஒரு குளிர்காலத்தில் பக்கத்து அறை மதாம் ரஷேல்தான் அங்கே சூப் குடிக்க அழைத்துப் போனார். என் வயதுதான்; வாய் மட்டும் எனக்கு மூத்தது. ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. என் தட்டு காலியானதும் ஒரு கத்தியையும் ஒரு கூடை உருளைக்கிழங்கையும் முன்னால் வைத்தார். சாப்பாட்டுக்கு விலை கேட்கிறாரே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பென்ஷன் வந்ததும் கொடுத்துவிடுகிறேன், மதாம்."

"யாருக்கு வேண்டும் உங்கள் பென்ஷன்? இது நாளைக்குப் பசியோடு வருகிறவர்களுக்கு. எங்கள் மதத்தில் வாங்கிச் சாப்பிடுகிறவரும் கொடுத்தாக வேண்டும். அந்த உரிமையைப் பிடுங்க எவருக்கும் அதிகாரம் இல்லை. சீவுங்கள், முசியே. தோல் மெல்லிசாக வரட்டும்."

எதிரே, அன்று காலையில்தான் வந்து இறங்கிய ஒரு டாக்டர் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் பசி இருந்தது, கூச்சம் இல்லை. என் கத்தி நின்றுவிட்டது.

பாகூர் ஏரித் தண்ணீர் சேரிக்குள் புகுந்த வருஷம், எங்கள் களத்தில் அண்டா வைத்துக் கஞ்சி ஊற்றினோம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சமத்துவத்தைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கிய நான்தான் அகப்பையோடு நின்றேன். புண்ணியம் ஏறுகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. எங்கள் வயலில் நடவு நடும் அஞ்சலை, இடுப்பில் பெண் குழந்தை, தலையில் ஒரு பரங்கிக்காயோடு வந்தாள். இடிந்த குடிசையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"இதயும் அரிஞ்சு போடுங்க ஆண்டே. எல்லாருமா துன்லாம்."

"வாங்கித் துன்ன வந்தவ குடுக்கறியா? நல்லா இருக்குதே கத! எடுத்துக்கினு போடி."

எல்லோரும் சிரித்தார்கள். உண்மைக் காரணம் வேறு: அவள் தொட்ட காய் விழுந்தால் எங்கள் வீட்டார் அந்த அண்டாவையே தலைமுழுகிவிடுவார்கள்.

"உங்க அரிசி எங்க வயித்துல எறங்கலாம், எங்க காயி உங்க அண்டால எறங்கக் கூடாதா?"

கஞ்சி வாங்காமலே போனாள். குழந்தை அண்டாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

இதை மதாம் ரஷேலிடம் சொன்னேன். "போய் அந்தக் காயை வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றார், முனைக் கடையில் ரொட்டி வாங்கச் சொல்வதுபோல.

போன வருஷம் ஊருக்குக் கப்பலேறினேன். கம்பளிச் சால்வை ஒன்றை எடுத்துக்கொண்டு சேரிக்கே போனேன். என் தம்பி தெருமுனையில் குடை பிடித்துக் காவல் நின்றான். அஞ்சலைக்குத் தலை நரைத்திருந்தது. மகளை வில்லியனூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். சால்வையை அவள் தொடவில்லை. உள்ளே போய் ஒரு கும்பாவோடு வந்தாள்.

"மொதல்ல ஒரு வாய் கூழு குடிங்க ஆண்டே. அப்பாலிக்கா வாங்கிக்கிறேன்."

பாரீசில் யார் ஊற்றினாலும் குடிக்கிறவன் நான். கும்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தெருமுனையில் தம்பி கனைத்தான்.

"வயிறு சரியில்ல, அஞ்சல."

"அன்னிக்கு அண்டா, இன்னிக்கு வயிறா?" என்று சிரித்தாள். கும்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சால்வை என்னோடு கப்பலில் திரும்பி வந்தது. இப்போது அதைப் போர்த்தியிருப்பவள் ஒரு ஜெர்மன் கிழவி. வெள்ளிக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் அரிகிறாள், பிறகு சூப் ஊற்றித் தருகிறாள். ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறேன். இங்கே என் வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை.