மிச்ச மூச்சு

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளை அட்டைக் குழாய் கிடக்கிறது. ஒருவர் ஊதி முடித்ததும் குப்பைக்குப் போகவேண்டிய சாமான். சின்னம்மா கவ்வியது என்பதால் எறிய மனசு வரவில்லை.

ராமநாதபுரத்தில் நுரையீரல் பரிசோதனை அறையில் எனக்கு வேலை. சின்னம்மாவுக்கு ஊர் பாம்பன் தீவில் அக்காள்மடம், கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். கடலுக்குப் போகாத நாளில் கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரி சுடுவார். இருமல் விடாமல் பிடித்துக்கொண்டபோது நான்தான் வம்படியாக இழுத்து வந்தேன். "கடலுக்குப் போகலாம்னு உங்க டாக்டர ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுடி. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

மூக்கில் கிளிப்பை மாட்டி, கருவியில் செருகிய அட்டைக் குழாயைக் கவ்வவைத்து, "ஊது, ஊது" என்று கத்தினேன். பலமாகத்தான் ஊதினார், பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டார். மறுபடியும் அதே கதை. எனக்கு எரிச்சலான எரிச்சல். "உள்ள கெடக்குறதெல்லாம் வெளிய வரணும் சின்னம்மா!"

"எல்லாத்தையும் விட்டுட்டா மேல வாரது எப்படிடி?" என்று சிரித்தார். பாசி எடுக்கிற பெண்களின் பழக்கம் அது. எவ்வளவு முட்டினாலும் மேலே வருவதற்கென்று கொஞ்சம் மூச்சை வைத்திருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தும் உடம்பு அதை மறக்கவில்லை.

அப்படி நிறுத்தி ஊதியதில் எண்கள் நன்றாகவே வந்தன. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "முதல் நொடியில வர்ற காத்தை மொத்தக் காத்தோட ஒப்பிட்டாத்தான் அடைப்பு தெரியும். மொத்தமும் வரலையே, இதை நம்ப முடியாது."

சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இங்கன தண்ணி இல்ல. நான் இருக்கேன். விடு."

விட்டார். திரையில் கோடு குழிவாக இறங்கி, இழுத்துக்கொண்டே போனது. மருந்தை உறிஞ்சவைத்து மீண்டும் ஊதச் சொன்னோம், தேறவில்லை. கரிப்புகையில் மூச்சுக்குழல் சுருங்கிவிட்டது, இனி முங்கவே கூடாது என்றார் டாக்டர்.

திரும்பும்போது பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியது. சின்னம்மா கடல் பக்கம் பார்க்கவே இல்லை. "அந்த மிச்சத்தையும் புடுங்கிட்டியேடி" என்று மட்டும் சொன்னார். ஐயோ, அந்தக் குரலை என்ன செய்தும் மறக்க முடியவில்லை.

போன மாசியில் போய்ச் சேர்ந்தார். நான் கட்டிலருகே இருந்தேன். ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். வெளியே வருமென்று காத்திருந்தோம். வரவில்லை. விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை ஒரு மீனவரிடம் "இன்னும், இன்னும்" என்று கத்திக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் போனபின் இழுப்பறையைத் திறந்தேன். அட்டையின் விளிம்பில் சின்னம்மாவின் பல் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது.